வெள்ளிக்கிழமைத் தீர்மானம்

டில்லியே வேண்டாம் என்று முப்பது வருஷம் மேடையில் பேசிய ஒருவரிடம், அதே டில்லியில், நான் ஒரு வாரம் டைப்பிஸ்டாக இருந்தேன். அவர் தென்னாற்காட்டுப் பக்கத்திலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சுருக்கெழுத்து, டைப் இரண்டிலும் ஹையர் முடித்துவிட்டு, அரசாங்கத் தேர்வு முடிவுக்காக லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் காத்திருந்தேன். அவருடைய உதவியாளர் தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போக, ஒரு வாரத்துக்கு தமிழும் ஹிந்தியும் இங்கிலீஷும் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. யாரோ சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள்.

என் அப்பா ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசர். திருநெல்வேலியை விட்டு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தும் பேச்சு மட்டும் அங்கேயே இருந்தது.

“நாட்டத் துண்டாடணும்னு சொன்னவம்லா அவன். அவங்கிட்டயா டைப் அடிக்கப் போற?” என்றார்.

“ஒரு வாரம்தானேப்பா.”

“இந்த நாடே வேண்டாம்ங்கான். ஆனா இங்க வந்து ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுப் படி மட்டும் வாங்கிக்கிடுதான். கேட்டுப் பாரு அவங்கிட்ட.”

நான் கேட்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை அவரே அதற்குப் பதில் சொன்னார். சவுத் அவென்யூவில் எம்.பி.க்களுக்குக் கொடுக்கும் வீட்டில், ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் டைப்ரைட்டரை வைத்திருந்தார். இரண்டு வருஷமாக அந்தப் பெட்டியிலிருந்து அவ்வப்போது வேட்டி சட்டை எடுப்பதோடு சரி, எதையும் அலமாரியில் அடுக்கவில்லை. ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை கிடையாது, ஹீட்டர் கிடையாது. டிசம்பர் குளிரில் கதர்ச் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். வயது அறுபத்து மூன்று. அறுபதுகளில் மொழிப் போராட்டத்தில் வாங்கிய அடியில் இடது காது போய்விட்டது. அதே போராட்டத்தில் தம்பியைப் பறிகொடுத்தார் என்று உதவியாளர் சொல்லியிருந்தார். இவர் அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை.

“இந்தப் பக்கம் உக்காரும்மா, வலது காதுதான் கேக்கும்,” என்றார். பிறகு, “உங்கப்பா என்ன சொன்னாரு?” என்று கேட்டார்.

நான் டைப்ரைட்டரில் தாளைச் சொருகினேன்.

“சொல்லுவாங்க. எனக்கும் தெரியும். பிரிவினை பேசக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு, கட்சி விட்டுடுச்சு. ஒருமைப்பாட்டைக் காப்பேன்னு நானும் உறுதிமொழி எடுத்தேன். வாய் எடுத்துச்சு. இப்ப கேக்கறது மாநிலத்துக்கு அதிகாரம், அவ்வளவுதான். அதைக் கேக்க இந்த ஊருக்குத்தான் வரணும்னா வந்துதானே ஆகணும்?”

அவர் என்னை வைத்து முடிக்க நினைத்தது ஒரே ஒரு வேலை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை பிற்பகல், தனி உறுப்பினர் தீர்மானங்களுக்கான நேரம். யாருடைய தீர்மானம் வரும் என்பதைக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். இரண்டு வருஷமாக ஒவ்வொரு முறையும் பெயர் கொடுத்து, இப்போதுதான் முதல் தடவையாக அவருடையது முதலில் வந்திருந்தது. மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும் என்ற தீர்மானம். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அது அப்படியே செத்துப் போகும். தமிழில்தான் பேசுவேன் என்று மொழிபெயர்ப்புக்காக முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் தடுமாறாமல் இருக்க, பேச்சை இங்கிலீஷிலும் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும்.

திங்கட்கிழமை முழுவதும் அவர் தமிழில் சொல்லச் சொல்ல எழுதினேன். எட்டாவது வரை தமிழ்ப் பள்ளியில் படித்தவள்தான், ஆனாலும் அவர் பேசிய தமிழில் பாதிச் சொற்களை நான் கேட்டதே இல்லை. அர்த்தம் கேட்பேன். பொறுமையாகச் சொல்வார். சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு எனக்கும் சொந்தமான ஒன்றுபோல ஆகிவிட்டது. அந்த வாரத்தில் அதைப் பதினோரு தடவை திருத்தி டைப் அடித்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் அவைக்குக் கிளம்பும் நேரத்தில் வாசலில் நான்கு பேர் வந்து நின்றார்கள். மூன்று ஆண்கள், ஒரு பெண்.  அந்தப் பெண்தான் பேசினாள். நாற்பது வயதிருக்கும். சிமெண்டு அரித்த விரல்கள். ஆண்கள் போடும் கோட்டு ஒன்றைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள்.

“கள்ளக்குறிச்சி பக்கங்க அய்யா. இங்க பாலம் கட்ற வேலைக்கு மேஸ்திரி கூட்டியாந்தாரு. நாலு வருசமாச்சி. பாலம் முடிஞ்சி போச்சி. இப்ப எங்க வூட்டையெல்லாம் எடுக்கணும்னு எழுதி ஒட்டிட்டுப் போயிருக்காங்க.”

முந்தைய வருஷம் பெரிய விளையாட்டுப் போட்டிகளுக்காக நகரம் முழுக்க மேம்பாலங்கள் முளைத்திருந்தன. அதில் ஒன்றின் ஓரத்தில் நாற்பது குடிசைகள். எல்லாம் அந்தப் பாலத்துக்கு ஜல்லி சுமந்தவர்களுடையவை.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “இது டில்லி நிர்வாகத்து விவகாரம்மா. நான் ஊர்லேருந்து வந்தவன். இங்க எனக்கு அதிகாரம் கிடையாது.”

“அதிகாரம் இல்லாமயாங்க இம்மாம் பெரிய வூட்டைக் குடுத்திருக்காங்க?” என்றாள் அவள்.

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள்.  அன்று அவர் மதியம் வரைதான் அவையில் இருந்தார். மூன்று மணிக்கு என்னையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவில் அந்த இடத்துக்குப் போனார்.

பாலத்தின் நிழல் விழுகிற பக்கம் அது. வெயிலே வராது. தார்ப்பாயும் தகரமும் பழைய சுவரொட்டித் தட்டிகளும் சேர்த்துக் கட்டிய குடிசைகள். முதல் குடிசை அவளுடையது. உள்ளே அவள் மாமனார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, முட்டியைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இழுப்பு. புருஷன் கான்பூரில் எங்கோ வேலையாக இருந்தான்.

“படுத்தா மூச்சு வராதுங்க, ராவெல்லாம் இப்பிடித்தான் குந்திக்கிட்டிருப்பாரு,” என்றாள்.

ஐந்தாறு வயதுப் பெண் குழந்தை ஒன்று எம்.பி.யின் வேட்டியைத் தொட்டுப் பார்த்தது. “உம் பேரு என்னம்மா?” என்று குனிந்து கேட்டார். அது பேரைச் சொல்லிவிட்டு, ஹிந்தியில் தொடர்ந்து ஏதோ கேட்டது.

“என்ன சொல்லுது?”

“ஏன் தாத்தா ஸ்வெட்டர் போடலைன்னு கேக்குது சார்.”

 திரும்பி வரும்போது ஆட்டோவில், “ஸ்டேஷன் போர்டுல இருந்த ஹிந்தி எழுத்தை அழிக்கத்தான் எங்களுக்குத் தெரிஞ்சிது,” என்றார். 

அன்று வீட்டில் சாப்பிடும்போது அவர் இருமலைப் பற்றிச் சொன்னேன். அப்பா காதில் வாங்காத மாதிரிதான் இருந்தார். மறுநாள் நான் கிளம்பும்போது, சரோஜினி நகரில் வாங்கி நாலு குளிர்காலம் போட்ட தன் பழுப்பு ஸ்வெட்டரை ஒரு பையில் வைத்துக் கொடுத்தார். “கொள்கைய மாத்திக்கிட வேண்டாம், இதப் போட்டுக்கிடச் சொல்லு,” என்றார். எம்.பி. அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். அந்த வாரத்தில் அவர் முகத்தில் நான் பார்த்த ஒரே சிரிப்பு அதுதான். போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை அந்த இடிப்பு வேலைக்குப் பொறுப்பான அதிகாரியைப் பார்க்கப் போனோம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மூன்றாவது மாடி, வராந்தாவில் பெஞ்சு, முக்கால் மணி நேரம் காத்திருப்பு. எம்.பி. என்று தெரிந்ததும் அதிகாரி எழுந்து நின்று டீ வரவழைத்தார். இவர் நிதானமான இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னார். அதிகாரிக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். ஆனாலும் பதிலை ஹிந்தியில், என்னைப் பார்த்துச் சொன்னார்.

“என்ன சொல்றாரு?” என்று இவர் என் பக்கம் வலது காதைத் திருப்பினார்.

“எழுத்துல எதுவும் தர முடியாதாம் சார். எடுக்கணும்னு மேலேருந்து உத்தரவாம். ஆனா திங்கட்கிழமை மந்திரிகிட்டேருந்து ஒரு லெட்டர் கொண்டு வந்தா, குளிர் முடியற வரைக்கும் தள்ளிப் போடறாராம்.”

“அதுக்குள்ள இடிச்சிட்டாங்கன்னா?”

கேட்டேன். அதிகாரி கையை விரித்துச் சிரித்துவிட்டுச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். “எப்ப வேணாலும் மிஷின் போகலாமாம். ஆனா நீங்களே நேர்ல வந்து நின்னா, அவரோட ஆளுங்க கை வைக்க மாட்டாங்களாம். ஒரு எம்.பி. முன்னால மிஷினை ஓட்ட எனக்கென்ன பைத்தியமான்னு கேக்கறார்.”

இவர் எழுந்தார். கும்பிட்டார். வாசல் வரை போய்த் திரும்பி, “அவர்கிட்ட நன்றின்னு சொல்லும்மா, அவங்க பாஷையிலேயே சொல்லு,” என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது, படியிறங்கும்போது கைப்பிடியை அவர் பிடித்த விதத்தில் தெரிந்தது.

அங்கிருந்து நேரே பாலத்தடிக்குப் போய் அந்தப் பெண்ணிடம் சொன்னார். “திங்கட்கிழமை வரைக்கும் எப்படியும் தாக்குப் பிடிக்கணும். நடுவுல மிஷின் வந்தா உடனே ஓடியாந்து சொல்லு. நான் வீட்ல இல்லன்னா இந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. எங்க இருந்தாலும் வந்து நிக்கறேன்.”

வியாழக்கிழமை மந்திரியின் அறைக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் நின்றார். டில்லி மந்திரி யாரிடமும் அவர் எதையும் கேட்டதில்லை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்களாம். அன்று கேட்டார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை அவர் காலையிலேயே அவைக்குப் போய்விட்டார். எனக்குப் பார்வையாளர் பாஸ் வாங்கி வைத்திருந்தார். மூன்று மணிக்கு மேல்தான் அவருடைய நேரம். பதினோராவது தடவை டைப் அடித்த பிரதியை மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பிவிட்டு, சவுத் அவென்யூ வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மணி இருக்கும். அந்தப் பெண் ஓடி வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்திருக்கிறாள், மூச்சு முட்டியது.

“மிசினு வந்து நிக்கிதும்மா. சாமானை எடுத்துக்குங்க, ரெண்டு மணி நேரம்ன்றாங்க. அய்யா வருவாருன்னு சொல்லி நிறுத்தி வச்சிருக்கோம். சொல்லிடறியா?”

“நீங்க போங்க. நான் சொல்லிடறேன்,” என்றேன்.

அவள் வந்த வழியே ஓடினாள். நான் கை கழுவினேன். வீட்டைப் பூட்டினேன். ஒன்றரை மணிக்கு நான் பார்லிமெண்ட் வரவேற்பு அறையில் இருந்தேன். உறுப்பினரிடம் செய்தி சேர்க்க அங்கே ஒரு சின்னச் சீட்டு உண்டு. அதை எழுதிக் கொடுத்தால் ஊழியர் உள்ளே போய்க் கொடுப்பார். ‘மிஷின் வந்துவிட்டது. உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்’ என்று எழுதினேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் சீட்டை வாங்கிக்கொண்டு, “ஜரூரி ஹை க்யா?” என்று கேட்டார். அவசரமா?

அவருக்குப் பின்னால் கடிகாரம் இருந்தது. இரண்டாக இருபது நிமிஷம். இப்போது சீட்டு உள்ளே போனால் அவர் எழுந்து வந்துவிடுவார், மிஷின் திரும்பும்வரை அங்கிருந்து நகர மாட்டார். மூன்றரைக்கு அவர் பெயரைக் கூப்பிடும்போது நாற்காலி காலியாக இருக்கும். இரண்டு வருஷம், முப்பது வருஷம் என்று என் மனதில் ஏதேதோ கணக்கு ஓடியது. அவருக்காக என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் அது மட்டும் இல்லை. பதினோரு தடவை நான் அடித்த பேச்சு அது. அதை அந்த மண்டபத்தில் கேட்க எனக்கு ஆசை. இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜுக்கி என்கிற இந்தக் குடிசைகளை இடிப்பது எங்கள் காலனிப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. இடிப்பார்கள், மறுவாரம் பக்கத்தில் வேறு இடத்தில் முளைக்கும். அவர்களுக்கு அது பழக்கம் என்றுதான் நாங்கள் நினைத்து வளர்ந்தோம்.

“நஹி,” என்றேன். “பாத் மே.” இல்லை, பிறகு கொடுத்தால் போதும், அவர் பேசி முடித்த பிறகு.

அவர் சீட்டை ஒரு பக்கமாக வைத்தார். நான் மேலே காலரிக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அவையில் ஆள் இருக்காது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். நான் எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு பேர். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்தபோது மூன்றே முக்கால். வெள்ளை வேட்டி, மேலே அப்பாவின் பழுப்பு ஸ்வெட்டர். காதில் மாட்டிய கருவியில் மொழிபெயர்ப்பாளரின் குரல் இங்கிலீஷில் தட்டையாக வந்தது. அதைக் கழற்றிவிட்டேன்.

அவர் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது. முதல் பத்து நிமிஷம் நான் அடித்தபடியே பேசினார். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டார்.

“இந்த நகரத்தில் ஒரு பாலம் இருக்கிறது,” என்றார். “அதைக் கட்டியவர்கள் என் மாவட்டத்துக்காரர்கள். ஊரில் வேலை கொடுக்க எங்கள் அரசிடம் பணம் இல்லை. பணம் உங்களிடம் இருக்கிறது. அதனால் அவர்கள் உங்களிடம் வந்தார்கள். பாலம் முடிந்தது. இப்போது அவர்களைப் போ என்கிறீர்கள். எங்கே போவது? அதிகாரத்தை எல்லாம் ஒரு ஊரில் குவித்து வைத்தால், மனிதர்களும் அங்கேதான் வருவார்கள். வந்தவர்களுக்குக் கூரை கொடுக்க மனம் வேண்டும். இல்லையென்றால் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுங்கள்.”

பேசிக்கொண்டிருந்த இருவரும் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதைப் பற்றிப் பேசுகிறாரோ அது அந்த நேரத்திலேயே நடந்துகொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியாது. அந்தக் கட்டடத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எழுந்து ஓடியிருக்கலாம். எழவில்லை.

இருபத்தைந்து நிமிஷம் பேசினார். உட்கார்ந்ததும் எதிர்ப்பக்கத்தில் ஒருவர் எழுந்து, அவையில் போதுமான உறுப்பினர்கள் இல்லை என்றார். மணி அடித்தார்கள். காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. அவை கலைந்தது. தீர்மானம் அந்த இடத்திலேயே நின்று போனது.

வாசலில் அவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இது எப்ப வந்துச்சும்மா?”

“இப்பதான் சார். கொஞ்ச நேரம் முன்னாடி,” என்றேன்.

டாக்ஸி பிடித்தோம். போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. டிசம்பரில் அது இருட்டுகிற நேரம். குடிசைகள் இருந்த இடம் சமமாக இருந்தது. மிஷின் ரோட்டோரம் ஏறி நின்றுகொண்டிருந்தது. இரண்டு லாரிகளில் சட்டி பானைகளையும் தகரங்களையும் ஏற்றிவிட்டு மனிதர்களும் ஏறிக்கொண்டிருந்தார்கள். யமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு வெட்டவெளியைக் காட்டியிருக்கிறார்களாம். அவள் மாமனாரைக் கட்டிலோடு தூக்கி லாரி அருகே வைத்திருந்தார்கள். அவர் உட்கார்ந்தபடி வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அவள் எங்களைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

“மத்தியானமே வந்து இந்தப் பொண்ணாண்ட சொன்னனே அய்யா. ஒரு மணி இருக்கும். நீங்க பேச்சுல இருந்தீங்களாட்டம் இருக்குது.”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அவள் அவருடைய வலது பக்கம்தான் நின்றிருந்தாள், கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. அப்போது ஜூனியர் இன்ஜினியர் ஒருவர் ஃபைலோடு வந்து, அவருக்கு வணக்கம் சொல்லி, ஹிந்தியில் இரண்டு வாக்கியம் பேசினார்.

“என்ன சொல்றாரு?” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

மாற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் ஹிந்தியும் தமிழும் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்பதால் மட்டும் மாற்றாமல் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். மாற்றத் தெம்பு இல்லை.

“மெம்பர் சாகப் வருவார்னு இவங்க சொன்னதால மூணரை மணி வரைக்கும் காத்திருந்தோம்னு சொல்றார் சார். அதுக்கு மேல முடியலையாம்.”

அவர் தலையை ஆட்டினார். ஸ்வெட்டரைக் கழற்றி அந்தக் கிழவருக்குப் போட்டுவிட்டார். கட்டிலின் ஒரு காலைப் பிடித்து லாரியில் ஏற்றினார். பிறகு தானும் அதே லாரியில் ஏறிக்கொண்டார். “நீ வீட்டுக்குப் போம்மா, இருட்டிடுச்சு,” என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. “நீ ஏம்ட்டி அத முடிவு பண்ணுன?” என்றார். அவ்வளவுதான். 

சனிக்கிழமை காலையில் அப்பா காலனியில் நான்கைந்து வீடுகளில் பழைய ரஜாய்கள் கேட்டு வாங்கி, ஒரு ஆட்டோவில் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனார். பனி விலகவில்லை. சுண்ணாம்புக் கோடு போட்ட வெறும் தரை. கோட்டுக்கு உள்ளே குடும்பங்கள் சாமான்களோடு உட்கார்ந்திருந்தன. விடியற்காலை நான்கு மணிக்கு அந்தக் கிழவர் இறந்துவிட்டார். உட்கார்ந்தபடியேதான். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அவர் மூச்சு நின்றது தெரியவில்லை, இழுப்புச் சத்தம் கேட்காமல் போனபோதுதான் தெரிந்திருக்கிறது.

எம்.பி. அங்கேயே இருந்தார். முகம் வெளிறி, தாடி முளைத்திருந்தது. அப்பாவை அவருக்கு அறிமுகம் செய்தேன். “உங்க ஸ்வெட்டரு அவர் மேல இருக்குங்க. எடுக்க மனசு வரல,” என்றார்.

“இருக்கட்டும்யா,” என்றார் அப்பா.

ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு அவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தார்கள். கான்பூருக்குத் தந்தி கொடுத்தும் மகன் வந்து சேரவில்லை. கொள்ளி வைக்க அவள் கொழுந்தன் முறையில் ஒருவன் இருந்தான். அங்கே விறகுக்காரரிடமும் பண்டிதரிடமும் எல்லாவற்றையும் நான்தான் ஹிந்தியில் பேசினேன். வேறு யாரையும் எம்.பி. கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார். அது எனக்குத் தண்டனையா, இல்லை அவருக்கு வேறு வழி இல்லையா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, சொன்ன நேரத்துக்கு, மந்திரியைப் போய்ப் பார்த்தார். நிறுத்தச் சொல்லிக் கேட்க இனி ஒன்றும் இல்லை. அந்த வெட்டவெளிக்கு ஒரு தண்ணீர்க் குழாயும், கூரைக்கு மூங்கிலும் கேட்டு நான் டைப் அடித்த மனுவைக் கொடுத்தார். பார்க்கிறோம் என்றார்களாம். அன்று மாலை அவருக்கு ஊருக்கு ரயில். ஸ்டேஷனுக்கு நானும் போனேன். அவருடைய டிரங்குப் பெட்டியைப் போர்ட்டர் சீட்டுக்கு அடியில் தள்ளினார். வண்டி கிளம்பப் பத்து நிமிஷம் இருந்தது.

“சீட்டு எத்தனை மணிக்கு எழுதின?” என்று கேட்டார்.

“ஒண்ணு நாப்பது சார்.”

“அவசரம் இல்லன்னு சொன்னியா?”

“ஆமா சார்.”

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். “அப்பவே என் கைக்கு வந்திருந்தாலும் நான் பேசிட்டுத்தான் போயிருப்பேன்,” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி, “போயிட்டு வரேன்மா, அப்பாவைக் கேட்டதாச் சொல்லு,” என்றார். வண்டி நகர்ந்தது.

அவர் சொன்னது உண்மையா, என் மனம் ஆறுவதற்காகச் சொன்னாரா என்று பல வருஷம் மாற்றி மாற்றி யோசித்திருக்கிறேன். ‘எங்க இருந்தாலும் வந்து நிக்கறேன்’ என்று புதன்கிழமை அவர் சொன்னதைக் கேட்டவள் நான். அடுத்த கூட்டத்தொடருக்கு உதவியாளர் வந்துவிட்டதால் என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவே இல்லை. சில வருஷம் கழித்து ஊரில் காலமானார் என்று தமிழ்ப் பேப்பரில் இரண்டங்குலச் செய்தி வந்தது. மாநில அதிகாரத்துக்காகப் பார்லிமெண்டில் முழங்கியவர் என்று போட்டிருந்தார்கள். அப்பா அதைக் கத்தரித்துத் தன் டைரியில் வைத்துக்கொண்டார்.

குளிர் முடிந்து, ஹோலி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனேன். கோடு போட்ட இடங்களில் மண் சுவர்கள் எழும்பியிருந்தன. அவள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னேன். சீட்டு, கடிகாரம், நான் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும். அவள் முறத்தை நிறுத்தாமல் கேட்டாள்.

“தெரியும்மா,” என்றாள். “அன்னிக்கி உன் மூஞ்சப் பாத்தப்பவே தெரியும்.”

அதற்கு மேல் அவள் என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து உள்ளே போய், ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த காகிதங்களைக் கொண்டுவந்தாள்.

“நீ எழுதத் தெரிஞ்ச பொண்ணுதான? இங்க ஆபீசுல எதுக்குப் போனாலும் ஹிந்தியில எழுதியா இங்கிலீசுல எழுதியான்றான். வர்றப்பல்லாம் எழுதித் தர்றியா?”

தருகிறேன் என்றேன். அந்த வருஷமே எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது. ஆனாலும் மாதம் ஒரு ஞாயிறு என்று ஆறேழு வருஷம் அங்கே போய் வந்தேன். அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்டதில்லை, அவளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அன்று அவள் வாசலில் உட்கார்ந்து, முழங்கால் மேல் அட்டையை வைத்து நான் எழுதிய முதல் மனு, ரேஷன் கார்டிலிருந்து அவள் மாமனாரின் பெயரை நீக்குவதற்கு.